எழுபத்தெட்டு வயதில் ஒரு வான்பயணம்

ஸ்பிரிங்வேலில் வாழும் எமது பிள்ளைகள் தலைக்கு மேலால் இரைந்து போகும் சிறிய விமானங்களை அண்ணாந்து பார்ப்பதுண்டு. அண்மையிலுள்ள மொராபின் விமான நிலையத்தில் பலர் விமானம் ஓட்டப் பழகுகிறார்கள். அத்தகைய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றில்தான், பின்னாளில் எமது நாடுவரை நீண்ட ஒரு வான் தபால் சேவை ஆரம்பமாயிற்று. அதனை ஓட்டிய மனிதர், ஐம்பது ஆண்டுகள் கழித்து, தமது 78ஆவது வயதில், அதே வழியில் மீண்டும் பறந்தார். அவர்தான் ஜே. ஆர். டி. டாட்டா.

1904ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர் இவர். தந்தை இந்தியப் பார்சி. தாய் பிரெஞ்சுப் பெண்மணி. 1929ஆம் ஆண்டு பெப்ரவரியில், இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது விமானி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றார்.

அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து விமானத்தில் வந்த கடிதங்கள் கராச்சியுடன் நின்றுவிடும். அங்கிருந்து தெற்கே ரயிலில்தான் போகவேண்டும். இந்தக் குறையைப் போக்க நெவில் வின்சென்ற் என்ற விமானி ஒரு திட்டத்துடன் டாட்டா நிறுவனத்தை அணுகினார். 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி, ‘பஸ் மொத்’ என்ற சிறு விமானத்தில் 25 கிலோ அளவிலான தபால் பொதிகளுடன் கராச்சியிலிருந்து டாட்டா தனியாகப் புறப்பட்டார். வழிகாட்ட வானொலித் தொடர்பு கிடையாது. அகமதாபாத்தில் இறங்கியபோது எரிபொருள் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்தன! அன்றே பம்பாயின் ஜூகு திடலில் இறங்கினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சென்றவர் வின்சென்ற்.

ஜூகு திடலோ மழைக்காலத்தில் சேறாகிவிடும். அவ்வேளைகளில் பூனாவிலிருந்து விமானங்களை ஓட்டினார்கள். இத்தனை இடர்களுக்கு மத்தியிலும் முதலாம் ஆண்டிலேயே அந்த விமானங்கள் 160,000 மைல் பறந்து, 155 பயணிகளையும் ஏற்றிச் சென்றன. 1938இல் சேவை கொழும்புவரை நீண்டது. 1946இல் அந்நிறுவனம் ‘எயார் இந்தியா’ எனப் பெயர் பெற்றது.

கையை விட்டுப் போனவை

நாம் கவனிக்கவேண்டியது இதற்குப் பின் நடந்தவற்றைத்தான். வின்சென்ற் 1942இல் போர்க்காலப் பயணம் ஒன்றில் விமானத்துடன் மறைந்தார். 1947இல் நாடு பிரிந்தது. கராச்சி வேறொரு நாட்டின் நகரமாயிற்று. 1953இல் எயார் இந்தியாவை அரசு தனதாக்கிக்கொண்டது. தொடர்ந்து தலைவராக இருந்த டாட்டாவை 1978இல் அரசு அப்பதவியிலிருந்து நீக்கியது. தான் வளர்த்தது தன் கையில் இல்லை. புறப்பட்ட ஊரும் தன் நாட்டில் இல்லை. இழப்பு என்றால் என்ன என்பது எம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி பொன்விழா வந்தது. மாலை மரியாதைகளை ஏற்று மேடையில் அமர்ந்திருந்தாலே யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ கராச்சிக்குச் சென்று, ‘லெப்பர்ட் மொத்’ என்ற பழைய விமானத்தில் தனியாக ஏறி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். நம்பிக்கை இழந்து நிற்கும் இளைய தலைமுறைக்குச் சிறிதளவேனும் நம்பிக்கையும் உற்சாகமும் ஊட்டுவதே தமது நோக்கம் என்ற கருத்தை அவர் அப்போது வெளியிட்டார். பழம்பெருமை பேச அவர் பறக்கவில்லை.

1992இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி ஜெனீவாவில் காலமானார். எயார் இந்தியா 2022ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்து சேர்ந்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

எமது வானம்

எமக்கும் ஒரு வான்வழி இருந்தது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பின்னர் போர் அந்த வழியை மூடியது. பல ஆண்டுகளின் பின், 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி, பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்து இறங்கியது, அப்போது எயார் இந்தியாவின் துணை நிறுவனமாயிருந்த அலையன்ஸ் எயாரின் விமானம்.

இங்கு புதிதாக வந்த குடும்பங்கள் பலவற்றில் முதியவர்கள் இருக்கிறார்கள். ஊரில் ஆசிரியராக, தபால் அதிபராக, கமக்காரராக, தையற்காரராக நிமிர்ந்து வாழ்ந்தவர்கள், இங்கே பாஷையும் தெரியாமல், பஸ்ஸும் பிடிக்கத் தெரியாமல், “இனி எனக்கு என்ன கிடக்குது?” என்று யன்னலோரம் இருந்துவிடுகிறார்கள். அவர்கள் விமானம் ஓட்டத் தேவையில்லை. அப்பப்பா தனது தொழிலைப் பேரனுக்கு ஒருமுறை செய்து காட்டட்டும். அம்மம்மா, வெளிநாட்டுக் கடிதத்துக்காகப் படலையடியில் காத்திருந்த கதையைப் பேத்திக்குச் சொல்லட்டும். பிள்ளைகள்தான் முதலில் கேட்கவேண்டும். அடுத்த முறை வீட்டுக்கு மேலால் ஒரு சிறு விமானம் போகும்போது, அந்தப் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாமே!