காலதரும் குளிர்காற்றும்

சாளரத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் காலதர் என்பதும் ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலேயர் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லும், ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் பழைய வடபுல மொழிச் சொல்லினின்று பிறந்ததென்பர் மொழிநூலார். நாம் நாடோறும் வழங்கும் ஜன்னலோ போர்த்துக்கீசியர் தந்த சொல். வெப்பநாட்டாரும் குளிர்நாட்டாரும் இப்பொருளைக் காற்றின் பெயராலேயே அழைத்தது வியப்பன்றோ? ஆயினும் குளிர்மிக்க இடத்தில் வாழ்வோன் சாளரத்தினிடம் வேண்டுவது வேறு. ஒளி வருதல் வேண்டும். காற்று வாராதிருத்தல் வேண்டும். அகத்துள்ள வெம்மை புறம்போகாதிருத்தலும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பொருந்திய மாற்றுச் சாளரத்தைத் தேர்வது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சின்னமனூரான் குளிரைப்பற்றி எழுதப் புகுந்தானே என நகைப்பார் உளராகலாம். எம்மூர் வாழைத் தோட்டங்களில் நின்று தெற்கே நோக்குவார்க்கு மேகமலையின் நெடுஞ்சுவர் தோன்றும். சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதை, ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டங்களிற் கொண்டுசேர்க்கும். ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் ஆறு அல்லது ஆறரை பாகை வெப்பம் குறையும் என்பது வானிலை நூலார் கணக்கு. அதன்மேல் மஞ்சும் மழையும் காற்றும் சேர, மார்கழி இரவில் அங்குள்ளார் படும் பாடு சமவெளியில் உறங்குவார்க்குத் தெரியாது. தமிழகத்து மலைகளில் குளிருக்கேற்ற வீடு நாடுதலும் புதிதன்று; 1845-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் கோடைக்கானலில் இரண்டு வீடுகளை எழுப்பினர்.

என் தாய்மாமன் அம்மலைத் தோட்டமொன்றிற் பணியாற்றுகின்றார். அவர் குடியிருக்கும் வீட்டின் நான்கு சாளரங்களும் பழுதுற்றன. அவருடன் வாழும் எங்கள் அம்மாச்சிக்கோ இளைப்பு நோய் உண்டு. குளிர்காற்றுப் பட்ட இரவெல்லாம் அவர்கள் எழுந்து உட்கார்ந்தே கழிப்பார்கள். தோட்டத்தார் தம் செலவில் மாற்றிக்கொள்ள இசைவு தந்தபின், “தம்பி, எதை வாங்கலாம்? படித்துப் பார்த்துச் சொல்” என மாமன் கேட்டார். தமிழ் பயில்வானிடம் கேட்கத்தக்க வினாவன்று இது. ஆயினும் படித்தேன்.

முதலில் நினைவிற்கு வந்தது நெடுநல்வாடையே. வாடைக்காலத்து மாநகரில், வேனிலில் தென்றலை வரவேற்ற சாளரங்களெல்லாம் தாழிட்டு அடைபட்டுக் கிடந்தமையும், மக்கள் நெருப்பிட்ட தடவினைச் சூழ்ந்து குளிர்காய்ந்தமையும் நக்கீரர் அதன்கண் காட்டுகின்றார். மரக்கதவை அடைத்தாற் குளிர் நின்றது. உடன் ஒளியும் நின்றது. பின்னாளிற் கண்ணாடி வந்து ஒளியைத் தந்தது. ஆனால் வெம்மையைக் கவரும் கள்வனாகவும் ஆயிற்று.

அக்களவு நான்கு வழியால் நிகழ்வது. கண்ணாடியும் சட்டமும் தொட்ட வெப்பத்தைக் கடத்துகின்றன. அவற்றையொட்டிய காற்று சுழன்று வெப்பத்தைக் கொண்டுபோகின்றது. அறையிலுள்ள பொருள்களும் நம் உடலும் வீசும் வெப்பக்கதிரைக் கண்ணாடி உறிஞ்சிப் புறத்தே விடுகின்றது. இடுக்குகளின் வழியே காற்று நேரே புகுகின்றது. முதல் மூன்றையும் ஒருங்கே அளக்கும் எண்ணொன்று உண்டு. வணிகர் அதனை யூ மதிப்பு என்பர். யாம் கடத்தெண் என்போம். உள்ளும் புறமும் ஒரு பாகை வேறுபாடிருக்குங்கால், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் வெளியேறும் என்பதே அவ்வெண். அது சிறுகச் சிறுகச் சாளரம் சிறப்புறும்.

ஒற்றைக் கண்ணாடியின் கடத்தெண் ஏறக்குறைய 5.8. இரண்டு கண்ணாடிகளை இடையே 12 முதல் 16 மில்லிமீட்டர் காற்றுவெளி விட்டு ஓரம் அடைத்தால் அது 2.8 அளவிற்கு இறங்கும். இடைவெளியை மேலும் அகலமாக்கினாற் பெரும்பயன் இல்லை. உள்ளிருக்கும் காற்றே சுழலத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தோன்றாத மென்மையான வெள்ளிப் பூச்சு ஒரு முகத்தில் இட்டால், அது வெப்பக்கதிரை அறைக்கே திருப்பிவிடும். அவ்வகை இரட்டைக் கண்ணாடிச் சாளரம் 1.4 அளவிற்கு வரும். இங்கிலாந்தில் 2022-ஆம் ஆண்டு வந்த கட்டட விதி, மாற்றுச் சாளரங்களுக்கு இந்த 1.4-ஐ அல்லது அதற்கீடான தரச்சான்றையே எல்லையாக வைத்தது. மூன்று கண்ணாடிகள் உடையது 0.8 வரை இறங்கும்.

இவ்வளவிற் படித்தவுடன் மூன்று கண்ணாடியே சிறந்ததென முடிவு கட்டத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. மாமன் வீட்டுச் சாளரங்கள் நான்கும் சேர்ந்து 4.8 சதுர மீட்டர். உள்ளே 20 பாகையும் வெளியே 10 பாகையும் எனக் கொண்டு, பத்து மணிநேர இரவில் இழக்கும் வெப்பத்தை மின்கணப்பினால் ஈடுசெய்வதாயின், ஒற்றைக் கண்ணாடிக்கு 2.8 யூனிட் மின்சாரம் செலவாகும், இரட்டைக்கு 1.3, பூச்சிட்ட இரட்டைக்கு 0.7, மூன்று கண்ணாடிக்கு 0.4. ஒன்றிலிருந்து இரண்டிற்குச் செல்வதால் மிச்சம் ஒன்றரை யூனிட். இறுதிப் படியால் மிச்சம் அரை யூனிட்டும் இல்லை. ஈழத்தமிழர் பலர் வாழும் டொராண்டோவில் கணக்கு வேறு. உறைநிலைக்குக் கீழ் 15 பாகைக் குளிர் பகலும் இரவும் நிலவும் நாளில், அதே இறுதிப் படி நாளொன்றுக்கு 2.4 யூனிட்டை மிச்சப்படுத்தும். அவர்க்கு அது ஆதாயம். மேகமலையார்க்கு அது பெருஞ்செலவு. சுமையையும் எண்ண வேண்டும். நான்கு மில்லிமீட்டர்க் கண்ணாடி மூன்று சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 30 கிலோகிராம். பழைய கீல்கள் அதனைத் தாங்கா.

நிற்க. கடத்தெண் அளவாத நான்காம் வழியே எம் அம்மாச்சியை வருத்தியது. ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சாளரத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருப்பின், அவ்விடுக்கு முழுதும் சேர்ந்து 44 சதுர சென்டிமீட்டர் ஆகும். சுவரில் ஏறக்குறைய உள்ளங்கையளவு துளையிட்டதற்கு ஒப்பாகும். காற்று வீசும் நாளில் ஊதுவத்தியைக் கொளுத்தி ஓரங்களில் மெல்ல நகர்த்தினாற் புகை சாயுமிடம் இடுக்கைக் காட்டும். இச்சோதனைக்குப் பின்னரே கடைக்குச் செல்லல் வேண்டும். சட்டம் திண்ணிதாய் இருப்பின், மக்கு அடைத்து, கதவு படியும் இடத்தில் ரப்பர்ப் பட்டை ஒட்டி, உட்புறம் இரண்டாவது கண்ணாடியொன்றைத் தனிச் சட்டத்திற் பொருத்துவதே போதும். நல்ல தேக்குச் சட்டத்தைப் பெயர்த்தெறிதல் சிக்கனமன்று. இற்றுப்போனவற்றையே மாற்றல் தகும்.

மாற்றுங்கால், பக்கவாட்டில் தள்ளும் வகையைக் கொள்ளற்க. தள்ளுங் கதவு வழுக்கிச் செல்ல இடம் வேண்டும். அவ்விடமே காற்றிற்கும் வழி. கீலில் திறந்து ரப்பர்மேல் இறுகப் படியும் கதவே மேல். சட்டத்திற்கு அலுமினியம் மலிவு, கரையான் அரிக்காது. ஆனால் மரத்தினும் ஆயிரமடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நடுவே வெப்பத்தடை வைத்துச் செய்யாத அலுமினியச் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி பொருத்துதல், ஓட்டைக் குடத்திற்குப் பட்டு மூடி இட்டது போலும். மஞ்சு மிக்க மலையில் அதன்மேல் நீர் துளித்து வழிந்து சுவரும் பூசணம் பிடிக்கும். இளைப்பு நோயாளிக்கு அப்பூசணமும் பகையே. மரமோ பிளாஸ்டிக் சட்டமோ நன்று. கடைக்காரர் சொல்லும் எண் கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டுமா, சட்டம் உட்பட முழுச் சாளரத்திற்குமா எனக் கேட்டு எழுதி வாங்குதல் வேண்டும். முன்னது எப்பொழுதும் அழகாகவே தோன்றும்.

மலையேறும் சாளரத்திற்கே உரிய இடர் ஒன்றுண்டு. கோடைக்கானற் பேருந்தில் வறுவற் பொட்டலம் கொண்டுசென்றவர் அது உப்பியதைக் கண்டிருப்பர். கீழே அடைக்கப்பட்ட இரட்டைக் கண்ணாடியும் அவ்வாறே உப்பும். கம்பம் பள்ளத்தாக்கினும் ஹைவேவிஸில் காற்றழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஓர அடைப்பு விண்டு, பின்னர் ஈரம் புகுந்து கண்ணாடியின் உட்புறம் மங்கிவிடும். ஆதலின் நிறுவும் இடத்தின் உயரத்தை முன்னரே தெரிவித்து, அழுத்தத்தைச் சமன்செய்யும் நுண்குழாய் வைத்த கண்ணாடியைக் கேட்டல் வேண்டும். அக்குழாய் இருப்பின், இடைவெளியில் ஆர்கான் வாயு நிரப்பக் கூடுதல் விலை கொடுத்தல் வீண். வாயு அவ்வழியே மெல்லப் போய்விடும்.

ஞாயிற்றையும் மறத்தலாகாது. டொராண்டோவில் மார்கழி நண்பகலில் ஞாயிறு தென்வானில் தாழ்ந்து நிற்கும். தெற்குச் சாளரம் வழியே வெயில் அறையின் உட்சுவரைத் தொடும். மேகமலையிலோ அந்நேரத்தும் 57 பாகை உயரத்தில் நிற்பதால், கூரையின் இறப்பே அதனைத் தடுத்துவிடும். இங்கு வெம்மை தருவது கிழக்குச் சாளரத்துக் காலை வெயிலே. வெயிலைத் தடுக்கும் நிறக்கண்ணாடி சின்னமனூர் வீட்டிற்குத் தக்கது. மலைவீட்டின் கீழ்த்திசைக்குத் தகாது. வெள்ளிப் பூச்சும் உட்கண்ணாடியின் இடைவெளி நோக்கிய முகத்தில் அமைதல் நலம்.

இனி உயிரைப்பற்றிய செய்தி. மலைவாழ்வார் இரவிற் கரி மூட்டிக் குளிர்காய்தல் வழக்கம். கரி எரியுங்கால் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குவோனை எழுப்பாமலே கொல்லும். கோடைக்கானலில் அடைத்த அறையில் கரியடுப்பு வைத்துறங்கியோர் மாண்ட செய்தியை 2024-ஆம் ஆண்டு நாளேடுகள் வெளியிட்டன. பழைய சாளரத்தின் இடுக்கு குளிரைத் தந்தது. அந்நச்சுக்காற்றிற்கு ஒருசிறிது வழியும் தந்தது. இறுகிய சாளரம் பொருத்திய அறையிற் கரி அறவே கூடாது. மூச்சிற்கும் அறை ஈரம் வெளியேறற்கும், கூரைக்கருகே மூடித் திறக்கத்தக்க சிறு காற்றுவழியொன்றும் அமைத்தல் வேண்டும்.

இவ்வளவும் மாமனுக்கு எழுதினேன். இற்றுப்போன இரண்டிற்கு மட்டும் கீற்கதவுடைய இரட்டைக் கண்ணாடிச் சாளரங்களும், மற்றை இரண்டிற்கு ரப்பர்ப் பட்டையும் உட்கண்ணாடியும் என முடிவாயிற்று. அம்மாச்சியின் கட்டிலுக்கு மேலுள்ள கிழக்குச் சாளரத்தை முதலில் மாற்றுகின்றனர். கரிச்சட்டி மட்டும் இன்னும் அடுக்களை மூலையில் இருக்கின்றது. அதனை வீட்டைவிட்டு அகற்ற அம்மாச்சி இன்னும் இசையவில்லை.