காருக்கும் காலணி பொருந்த வேண்டும்!

தோல் பதனிடுவதும் காலணி தைப்பதும் நம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் அன்றாடத் தொழில்கள். ஷூவின் அளவு சரியாக இருந்தும், அதன் ஹீல் அரை விரல் அகலம் வெளியே தள்ளி ஒட்டப்பட்டிருந்தால் என்ன ஆகும்? நடை கோணும், கணுக்கால் வலிக்கும். காரின் சக்கரத்திலும் இப்படி ஒரு சங்கதி உண்டு என்பதை அண்மையில்தான் நாங்கள் அறிந்தோம்.

எங்கள் வகுப்புத் தோழியின் பெரியப்பா ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பேணி வருகிறார். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்டது. அதன் இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அகலமான அலாய் சக்கரங்களை அவர் மாட்டினார். போல்ட்டுகள் நான்கும் பொருந்தின. மறுநாள் ஏலகிரிப் பயணம், எங்களுக்கும் அழைப்பு!

மாலையில் வந்த மெக்கானிக் பாய் எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிக் காரை மெல்ல நகர்த்தினார். 'சரக்' என்றொரு சத்தம்! முன் டயர் மட்கார்டின் விளிம்பில் உராய்ந்தது. "போல்ட் பொருந்தினா போதாது சார், ஆஃப்செட்டும் பொருந்தணும்" என்றார் அவர்.

ஆஃப்செட் என்பது என்ன? சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கோட்டை மனத்தில் வரைந்துகொள்வோம். சக்கரம் ஹப்பின் மீது பதியும் பரப்புக்கும் அந்த நடுக்கோட்டுக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். பதியும் பரப்பு நடுக்கோட்டுக்கு வெளிப்புறம் இருந்தால் அது 'பிளஸ்'. சக்கரம் காருக்குள் ஒடுங்கி நிற்கும். உட்புறம் இருந்தால் 'மைனஸ்'. சக்கரம் வெளியே துருத்தும். இரண்டும் ஒன்றாயின் பூஜ்யம்.

இதை நாமே அளக்கலாம். சக்கரத்தின் முகத்தைக் கீழே வைத்துப் படுக்க வைத்து, பின் விளிம்பின் மேல் நேரான சட்டம் ஒன்றைக் குறுக்கே வைக்க வேண்டும். சட்டத்திலிருந்து பதியும் பரப்பு வரை உள்ள ஆழத்திலிருந்து, சக்கரத்தின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் ஆஃப்செட் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பழைய சக்கரத்தின் அகலம் 130 மில்லிமீட்டர், ஆழம் 85 என்போம். 85-இல் 65 போனால் ஆஃப்செட் பிளஸ் 20. வெளிப்புறம் மீதி 45. புதிய சக்கரத்தின் அகலம் 170, ஆழம் அதே 85 என்றால் ஆஃப்செட் பூஜ்யம், வெளிப்புறம் 85. அதாவது, சக்கரம் 40 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது! சரி, ஆஃப்செட் பிளஸ் 20 உள்ள அகலச் சக்கரத்தை வாங்கினால்? உள்ளே 20, வெளியே 20 என இரு புறமும் கூடும். ஆகவே அகலத்தையும் ஆஃப்செட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உராய்வு மட்டுமா ஆபத்து? விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் என்று படித்திருக்கிறோம் அல்லவா? சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, பேரிங்கின் மேல் அந்தத் திருப்புத்திறன் கூடும். பேரிங் விரைவில் தேயும், ஸ்டீயரிங் கனக்கும்.

ஹெரால்டுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. அதன் முன் சக்கரங்கள் மிக அதிகமாகத் திரும்பும். 25 அடி விட்டமுள்ள வட்டத்திலேயே கார் திரும்பிவிடும். ஏலகிரிப் பாதையிலோ 14 கொண்டை ஊசி வளைவுகள்! ஆட்கள் நிறைந்த காரின் டயர் ஒவ்வொரு வளைவிலும் அறுபட்டிருந்தால் எங்கள் கதி என்ன?

பெரியப்பா அன்றிரவே பழைய இரும்புச் சக்கரங்களை மாட்டச் சொன்னார். மறுநாள் மலையேறி நலமாகத் திரும்பினோம். தோழியரே, காலணியோ காரோ, கண்ணுக்கு அழகாயிருந்தால் மட்டும் போதாது. அளந்து பார்த்த பிறகே அணிய வேண்டும்!