சிற்றில் புதுக்கல்

மனை எழுப்புதல் ஒரு கலை. எழுப்பிய மனையைப் புதுக்குதல் அதனினும் அரிய கலை. புதுமனை காண்போன் தன் விருப்பத்தை மட்டும் வினாவினாற் போதும். பழமனையைப் புதுக்குவோன் சுவரின் இயல்பையும் வினாதல் வேண்டும். இதனைச் சென்ற ஆண்டு யான் பட்டறிந்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையிற் கடலை அண்மிய பழைய தொடர்மாடியொன்றின் இரண்டாம் மாடியில் எமக்கு ஒரு சிறு வீடு வாய்த்தது. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி, அவ்வளவே. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் ஏறத்தாழ 80 ஆண்டு வாழ்ந்த என் அன்னையார், கண்ணொளி குன்றியமையால் எம்முடன் வந்து தங்க வேண்டியவரானார். முற்றமும் வேம்பும் இன்றி இங்கே எங்ஙனம் இருப்பார் என்பதே எம் கவலை. முன்னிருந்தோர் சுவர்களுக்கு அடர்ந்த நீலமும் செம்மஞ்சளும் தீட்டியிருந்தனர். அன்னையார் ஒரு நாழிகை அமர்ந்திருந்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ளை மூச்சு முட்டுது" என்றார்.

மழைக்காலம் முடியுமுன்னரே பழைய பூச்சின்மேற் சுவர், கதவு, நிலை அனைத்துக்கும் வெண்மை பூசுவித்தேன். ஒரு திங்கள் கழியுமுன் மேற்றிசைச் சுவர் கொப்புளித்து உதிர்ந்தது. பின்னர் வந்த முதிய மேசன் சுவரிற் கைவைத்துப் பார்த்து, "ஐயா, சுவர் குடிச்ச தண்ணி வெளியிலை போக வழியில்லை, பெயின்ற் என்ன செய்யும்?" என்றார். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அது நல்லதொரு பாடம். ஈரச்சுவரிற் கரைந்த உப்பு, நீர் உலருந்தோறும் மேற்பரப்பை அடைந்து படிகமாகும். அப்படிகம் பூச்சைத் தள்ளி உதிர்க்கும். ஆதலாற் கசிவை அடைத்தல் முதலாவது, உலரவிடுதல் இரண்டாவது, நிறம் அதன் பின்னரே. பழைய பூச்சில் ஈயம் கலந்திருத்தலுங் கூடும். இலங்கையில் அதற்குச் சட்டவரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஆம் ஆண்டிலேயே. எனவே தூசி எழாவண்ணம் நனைத்துச் சுரண்டுவித்தோம். சிறுவரை அருகே விடவில்லை.

அம்முதல் வெண்மையால் மற்றோர் இடரும் விளைந்தது. சுவரும் நிலையும் ஒரே நிறமாயிருக்க, அன்னையார் வாயிலின் விளிம்பை அறியாது மோதிக்கொண்டார். நெற்றியிற் சிறு வீக்கம். என் நெஞ்சிற் பெருநாணம். ஒளி மங்கிய கண்ணுக்கு நிறவேறுபாடே வழிகாட்டி. அமைதியான நிறம் வேறு, வேறுபாடற்ற நிறம் வேறு என்பதை அன்றே உணர்ந்தேன். அரசியின் மனையைப் புனையும் நெடுநல்வாடையும் வெண்சுதையையும் செம்பினை ஒத்த சுவரையும் அருகருகே வைத்தன்றோ காட்டுகின்றது! பன்முறை பாடஞ் சொல்லியும் என் வீட்டிற்கு அதனைப் பொருத்திப் பார்த்திலேன்.

இரண்டாம் முறை விரையவில்லை. தமிழில் நிறப்பெயர் பல பொருட்பெயர்களே: மஞ்சள், சந்தனம், சாம்பல், மாந்தளிர். எனவே கடையிற் கண்ட நிறங்களை விடுத்து, அன்னையார் அறிந்த பொருள்களின் நிறங்களைத் தேடினோம். பலகைகளில் அவற்றைத் தீட்டிக் காலையிலும் நண்பகலிலும் விளக்கொளியிலும் வைத்து நோக்கினோம். சிறு மாதிரியில் மென்மையாய்த் தோன்றுவது நாற்சுவரிலும் பரந்தவிடத்துக் கடுமையாகும். ஆதலின் விரும்பியதினும் ஒருபடி வெளிறியதையே தெரிந்தோம். கூரைத்தளத்துக்கு வெண்மை, கூடத்துக்கு வெளிறிய சந்தனம், அன்னையார் படுக்கையிலிருந்து நோக்கும் சுவருக்கு மட்டும் இளம்பச்சை. கதவுநிலைகளின் பூச்சை நீக்கி, மரத்தின் கபில நிறத்தை வெளிப்படுத்தினோம். வேண்டாத தளபாடங்கள் வெளியேறின. யன்னலுக்கு மெல்லிய பருத்தித் திரை வந்தது. இடம் ஓர் அங்குலமும் பெருகவில்லை. ஆயினும் வீடு அகன்றதுபோலத் தோன்றியது.

பணி முடிந்த மாலை அன்னையார் நிலையைத் தாமே கண்டு, தடவி, உள்ளே நுழைந்தார். பச்சைச் சுவரை நெடுநேரம் நோக்கி, "வாழைக்குருத்து மாதிரிக் கிடக்குது, தம்பி" என்றார். பின்பு யன்னலைத் திறந்துவிடும்படி சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு அச்சுவருக்கு எதிரே அமர்ந்தார்.