லேபிள் அடிக்கக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை



1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் சிவகாசியில் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. வெம்பக்கோட்டையில் இருக்கும் நமக்கு அச்சகம் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தும் லேபிள் விஷயத்தில் நான் ஏமாந்தேன்.

மிளகாய்த் தூள் பாக்கெட்டுக்கு 10,000 லேபிள் அடிக்கக் கொடுத்தேன். செல்போனில் செக்கச்செவேல் என்றிருந்த படம், அச்சில் செங்கல் தூள் போல் வந்தது. “பழைய சரக்கா அண்ணாச்சி?” என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். அச்சகத்தின் மேல் கோபப்பட்டேன். விசாரித்த பிறகுதான் தவறு நான் கொடுத்த படத்தில் என்று தெரிந்தது.

செல்போன், கம்ப்யூட்டர் திரைகள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகின்றன. அச்சு இயந்திரமோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளால் அடிக்கிறது. இதைத்தான் சி.எம்.ஒய்.கே. என்கிறார்கள். திரையில் மின்னும் ஆரஞ்சு, பச்சை நிறங்கள் சிலவற்றை இந்த மைகளால் கொண்டுவர முடியாது.

படத்தில் நிறங்கள் எண்களாகப் பதிவாகின்றன. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்லும் அளவுகோலே ‘கலர் ஸ்பேஸ்’. 1996-ல் ஹெச்.பி.யும் மைக்ரோசாப்டும் முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. பொதுவான அளவுகோல். 1998-ல் வந்த அடோபி ஆர்.ஜி.பி.யில் நிறங்களின் எல்லை பெரிது. அதில் சேமித்த படத்தை எஸ்.ஆர்.ஜி.பி. என்று எண்ணித் திறந்தால் நிறம் வெளுத்துவிடும். படிக் கணக்கில் அளந்ததைக் கிலோ என்று பில் போட்டது போலத்தான். என் படத்துக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வாட்ஸ்அப், இணைய விளம்பரத்துக்கு எஸ்.ஆர்.ஜி.பி. போதும். சேமிக்கும்போது ‘கலர் புரொஃபைல்’ என்ற குறிப்பையும் படத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

2. அச்சுக்கு என்றால், எந்த முறையில் படம் வேண்டும் என்று அச்சகத்தாரிடம் முதலில் கேளுங்கள். நாமாக சி.எம்.ஒய்.கே.க்கு மாற்ற வேண்டாம். மாற்றும்போது போன நிறம் திரும்பி வராது. மூலப்படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

3. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும். பென் டிரைவில் கொடுங்கள், அல்லது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள்.

4. கடையின் முத்திரை நிறம் மாறவே கூடாது என்றால், தனி மை போட முடியுமா என்று கேளுங்கள். செலவு கூடும்.

5. லேபிள் அடிக்கும் அதே காகிதத்தில் புரூஃப் வாங்கி, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். செல்போனில் பார்த்து ‘சரி’ சொல்லாதீர்கள்.

எடைக்கல்லைச் சரிபார்க்காமல் நாம் சரக்கு நிறுப்பதில்லை. லேபிளுக்கும் அந்தக் கவனம் வேண்டும். சரக்கைப் பார்க்கும் முன் வாடிக்கையாளர் லேபிளைத்தான் பார்க்கிறார்.