530-ஆம் நம்பர் அலமாரி எதுக்கு?

இன்ஜினியரிங் காலேஜ் லைப்ரரியில பெரும்பாலும் கூட்டம் இருக்கிறது 621 பக்கம்தான். எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல்னு செமஸ்டருக்கு வேண்டிய புத்தகம் எல்லாம் அங்கதான் இருக்கு. அதுக்கு முன்னாடி 530-ல ஆரம்பிச்சு 539 வரைக்கும் இயற்பியல் வரிசை. ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ் முடிஞ்சதும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறவங்க ரொம்பக் கம்மி.

இந்த நம்பர்கள் மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-ல வெளியிட்ட முறையில இருந்து வருது. அறிவு மொத்தத்தையும் பத்தா பிரி, ஒவ்வொன்னையும் மறுபடி பத்தா பிரி, அவ்வளவுதான் ஐடியா. இயற்பியலுக்கு வந்தா 531 இயக்கவியல், 532 திரவம், 533 வாயு, 534 ஒலி, 535 ஒளி, 536 வெப்பம், 537 மின்சாரம், 538 காந்தம், 539 நவீன இயற்பியல், அதாவது அணு, அணுக்கரு மாதிரி விஷயங்கள். சரி, இதுலயே எல்லாம் வந்துடுச்சே, அப்புறம் 530 எதுக்கு? அதுதான் 'பொது'.

பொதுன்னு சொன்னவுடனே நமக்கு "வேற எங்கயும் சேராத ஐட்டத்தைப் போடுற இடம்"னு தோணும். வீட்டுல ஒரு டிராயர் இருக்குமே, பழைய சார்ஜர், சாவி, ரப்பர் பேண்ட் எல்லாம் கிடக்குமே, அது மாதிரி. ஆனா 530-க்குள்ள என்ன இருக்குன்னு பாத்தா அசந்துடுவீங்க. 530.11 சார்பியல். 530.12 குவாண்டம் இயக்கவியல். 530.13 புள்ளியியல் இயக்கவியல். இயற்பியல்லயே பெரிய தலைங்க எல்லாம் 'பொது'வுலதான் உக்காந்திருக்காங்க!

குவாண்டம்னா 539-லதானே இருக்கணும்? இல்ல. காரணம் ரொம்ப சிம்பிள். குவாண்டம் இயக்கவியல் அணுவுக்கு மட்டும் சொந்தம் இல்ல. லேசர் எப்படி வேலை செய்யுது, செமிகண்டக்டர்ல கரண்ட் எப்படிப் போகுது, காந்தம் ஏன் காந்தமா இருக்கு, எல்லாத்துக்கும் அது வேணும். எல்லாப் பிரிவுக்கும் தேவைப்படுறதை ஒரு பிரிவுக்குள்ள பூட்டி வைக்க முடியாது. டூயி முறையில இதுக்கு ஒரு விதியே இருக்கு: ஒரு புத்தகம் ஒரே தலைப்போட மூணு அல்லது அதுக்கு மேற்பட்ட உட்பிரிவுகளைப் பத்திப் பேசினா, அந்த உட்பிரிவு எதுலயும் வைக்காம, எல்லாத்தையும் உள்ளடக்கிய மேல் நம்பருக்குத் தூக்கிடணும். அதனால 'பொது'ங்கறது மிச்சம் மீதி கிடையாது, ஒரு படி மேல இருக்கற இடம்.

இன்னொரு காரணமும் இருக்கு. சில கேள்விகள் ரெண்டு பெட்டிக்கு நடுவுல பிறக்கும். இரும்பைச் சூடு பண்ணினா முதல்ல சிவக்குது, அப்புறம் மஞ்சளாகுது, இன்னும் சூடாக்கினா வெளுக்குது. ஏன்? இது வெப்பமா, ஒளியா? 536-ஆ, 535-ஆ? சூடான பொருள் வெளியிடுற ஒளியை வெச்சு எழுந்த இந்தச் சிக்கலுக்குத்தான் 1900-ல மேக்ஸ் பிளாங்க் விடை தேடினார். ஆற்றல் தொடர்ச்சியா இல்லாம, பொட்டலம் பொட்டலமா பரிமாறப்படுதுன்னு வெச்சாதான் கணக்கு சரியா வந்துச்சு. குவாண்டம் கதை ஆரம்பிச்சது அங்கதான். 1905-ல ஐன்ஸ்டீன் எழுதின சார்பியல் கட்டுரையும் இப்படித்தான். காந்தம் நகர்ந்தாலும் சரி, கம்பிச் சுருள் நகர்ந்தாலும் சரி, வர்ற கரண்ட் ஒண்ணுதான். அப்புறம் ஏன் ரெண்டுக்கும் ரெண்டு விளக்கம்னு ஆரம்பிக்கறார். இயக்கவியலும் மின்சாரமும் முட்டிக்கிட்ட இடம் அது.

மூணாவது காரணம், எந்தப் பிரிவா இருந்தாலும் கூட வர்ற கருவிகள். அளவீடு, அலகுகள், பரிமாணப் பகுப்பாய்வு எல்லாம் 530.8. ஒரு சின்ன உதாரணம்: ஊசலோட நேரம் அதோட நீளத்தையும் (மீட்டர்) புவியீர்ப்பு முடுக்கத்தையும் (மீட்டர்/வினாடி²) பொறுத்ததுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். நீளத்தை முடுக்கத்தால வகுத்தா வினாடி² வரும், வர்க்கமூலம் எடுத்தா வினாடி. முன்னாடி வர்ற 2π மட்டும்தான் கிடைக்காது, மத்தபடி ஃபார்முலா ரெடி. இதே வித்தைதான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்லயும் ஹீட் டிரான்ஸ்ஃபர்லயும் நம்மள காப்பாத்துது.

இதுவரைக்கும் சொன்னது புத்தகத்துக்கு. மனுஷங்களுக்கு 'பொது' ஏன் வேணும்?

1963. தான்சானியாவுல எராஸ்டோ எம்பெம்பான்னு ஒரு ஸ்கூல் பையன் ஐஸ்கிரீம் செய்யும்போது, சூடா வெச்ச பால் கலவை ஆறினதை விட சீக்கிரம் உறைஞ்சதைப் பாத்தான். வாத்தியார்கிட்ட கேட்டான். குழப்பிக்கிட்டேன்னு சொல்லிட்டாங்க. பிறகு டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் அவன் படிச்ச பள்ளிக்குப் பேச வந்தப்ப, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டான். கூடப் படிச்சவங்க சிரிச்சாங்க. ஆஸ்போர்ன் சிரிக்கல, திரும்பிப் போய் சோதனை செஞ்சு பாக்க ஏற்பாடு பண்ணினார். 1969-ல ரெண்டு பேர் பேரும் போட்டுக் கட்டுரை வந்துச்சு.

அந்தக் கேள்வி எந்தப் பிரிவு? ஆவியாதல், நீரோட்டம், கரைஞ்சிருக்கற வாயு, உறைநிலைக்குக் கீழயும் உறையாம இருக்கறதுன்னு பல காரணம் சொல்றாங்க. அப்படி ஒரு விளைவு நிஜமாவே இருக்கான்னே இன்னிக்கும் விவாதம் நடக்குது. ஐஸ்கிரீம் செய்யற பையன் முதல்லயே "இது எந்த யூனிட்"னு தெரிஞ்சுக்கிட்டு வரணும்னா, கேள்வியே வந்திருக்காது. எந்தப் பிரிவுன்னு தெரியறதுக்கே பாதி விடை தெரிஞ்சிருக்கணும். அது தெரியாதவங்க நிக்கறதுக்கு ஒரு இடம் வேணும்.

அதுக்காக எல்லாத்தையும் பொதுவுல கொட்டிடலாம்னு இல்ல. லென்ஸ் பத்தின கேள்வி 535-லயே இருக்கட்டும், அங்கதான் அதைத் தெரிஞ்சவங்களும் இருப்பாங்க. பொதுவுல போட்டா யார் கண்ணுலயும் படாது.

நம்ம கிளாஸ்ல ஒரு டவுட் வந்தா முதல்ல வர்ற பதில், "இது அவுட் ஆஃப் சிலபஸ்". இல்லைன்னா "அது அந்த டிபார்ட்மென்ட்ல கேளு". அந்த டிபார்ட்மென்ட்ல கேட்டா இங்க கேக்கச் சொல்வாங்க. நாலு வருஷத்துல இப்படி எத்தனை கேள்வி காணாமப் போயிருக்கும்? ஜூனியர்ஸ், உங்ககிட்ட அப்படி ஒண்ணு இருந்தா அதை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அடுத்த ஃப்ரீ ஹவர்ல 621 பக்கம் போற வழியில 530 முன்னாடி ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க.