ஒரே மாத்திரை எல்லோருக்கும் பலிக்குமா?

மனச்சோர்வு என்றதும் அண்டை வீட்டார் உண்ணும் மாத்திரையில் இரண்டை வாங்கி விழுங்கிப் பார்க்கும் வழக்கம் நம் மைசூர்த் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. காப்பித்தூளை அவ்விதம் கைமாற்று வாங்கலாம். இம்மருந்தை வாங்குதல் ஆகாது.

இவ்வகை மருந்துகளுள் முன்னோடியான இமிப்பிரமினை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து வைத்தியர் ரோலண்டு கூன், 1957-லேயே ஒரு வேற்றுமையைக் குறித்தார். உடலும் சிந்தனையும் கல்லாய்க் கனத்து, காலையில் மிகுந்திருக்கும் சோர்வுக்கே அது நன்கு பலித்தது. 2010-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 718 நோயாளரின் விவரங்களை ஒருங்கே பார்த்தனர். இலேசான, நடுத்தரச் சோர்வில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் பெரிய வேறுபாடில்லை. மிகக் கடுமையான சோர்விலோ மருந்தின் பயன் தெளிவாய்த் தெரிந்தது. “மாத்திரையெல்லாம் வீண்” என்று கடும் நோயாளியைத் தடுக்கும் உறவினர் இதனைக் கவனிக்க வேண்டும். களிப்பும் சோர்வும் மாறி மாறி வருவோர்க்கு இம்மருந்தைத் தனியே கொடுத்தால் உன்மத்தம் கிளம்பவும் கூடும்.

பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். நாலாம் நாளே நிறுத்திவிட்டு மருந்தைப் பழிப்போரை நாம் அறிவோம்!

கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கன்னடத்தில் துயரத்தைச் சொல்ல நாவெழாத நம் பாட்டிமார், அரசின் டெலி-மானஸ் தொலைபேசியில், 14416 என்ற எண்ணில், தமிழிலேயே பேசலாம்.