நூலகத்தில் குழந்தை யார் பொறுப்பு?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க நூலகங்கள் பலவற்றில், பன்னிரண்டு அல்லது பதினான்கு வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியே இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்துப் புரூக்லைன் பொது நூலகம் 1890-இல் சிறுவர் வாசிப்பறை ஒன்றைத் திறந்தபோதும், அதற்குக் கிடைத்தது அடித்தளத்தில் பயன்படாமல் கிடந்த ஓர் அறைதான். பிள்ளைகளைக் கவனிக்கும் பணி கட்டடத்தின் துப்புரவுப் பணியாளரிடம் விடப்பட்டது. 1906-இல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணிக்குப் பொறுப்பேற்ற ஆன் கரோல் மூர் போன்றோர் அந்நிலையை மாற்றினர். நூல்களைப் பேணுவதாக உறுதிகூறிப் பதிவேட்டில் பெயரெழுதிய பிள்ளை, அங்கு மதிப்புக்குரிய வாசகராக நடத்தப்பட்டது.

கதவு திறந்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பெருகிய 1980-களில், பள்ளி விட்டதும் பிள்ளைகளை மாலைவரை நூலகத்தில் இருக்கச் சொல்லும் வழக்கம் அமெரிக்க நகரங்களில் பரவலாகப் பேசப்பட்டது. பள்ளிக்குள் இருக்கும் நேரத்தில் பெற்றோருக்குரிய அதிகாரத்தில் ஒரு பகுதி ஆசிரியருக்கு உண்டு என்பது நெடுங்காலச் சட்டக் கோட்பாடு. பொது நூலகருக்கு அத்தகைய நிலை இல்லை. நூலகம் யாரும் வந்துபோகும் இடமாதலால், ஒரு குழந்தையின் கையைப் பிடித்து வெளியேறுபவர் அதன் உறவினர்தானா என்பதை அறிய நூலகருக்கு வழியும் இல்லை. எனவே, குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்த குழந்தையுடன் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதி பல நூலகங்களில் எழுதப்பட்டது. வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். மூடும் நேரத்தில் தனித்து நிற்கும் பிள்ளையுடன் பணியாளர் இருவர் காத்திருப்பதும், பெற்றோர் கிடைக்காவிடில் காவல்துறைக்குத் தெரிவிப்பதும், யாரும் தம் வண்டியில் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லாதிருப்பதும் இவ்விதிகளில் பெரும்பாலும் காணப்படுவன. நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியையும் இவ்விதி தடுப்பது கடுமையாகத் தோன்றலாம். குழந்தைக்கும் பணியாளருக்கும் அதுவே பாதுகாப்பு.

எதைப் படிப்பது என்பதிலும் நூலகரின் பொறுப்புக்கு இதே எல்லை உண்டு. தம் பிள்ளையின் வாசிப்பைக் கட்டுப்படுத்தும் உரிமையும் பொறுப்பும் பெற்றோருக்கே உரியவை, ஆனால் அவ்வுரிமை பிறர் பிள்ளைகள்மீது செல்லாது என்பது அமெரிக்க நூலகச் சங்கத்தின் நிலைப்பாடு.

தமிழ்நாட்டில், நூலகத்தில் குழந்தை யார் பொறுப்பு என்ற கேள்வி இப்போதுதான் வலுப்பெறுகிறது எனலாம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளம், நடுவே செயற்கை மரம் ஒன்றுடன் குழந்தைகளுக்கென்றே அமைந்தது. பெரியவர்களுக்கான நூல்கள் வேறு தளங்களில் உள்ளன. ஆகவே, பிள்ளையைக் கீழே விட்டு மேல்தளத்தில் தேர்வுக்குப் படிக்கச் செல்லும் பெற்றோர் ஒரே கட்டடத்தில் இருந்தும் உடனிருப்பவர் ஆகார். அருகிலேயே அமர்ந்து கைப்பேசியில் மூழ்கியவரின் நிலையும் பெரிதும் வேறன்று. படநூல் பார்க்கும் வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக்காட்ட ஆள் வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கோ, தானே தேர்ந்தெடுக்க விட்டு அடுத்த அலமாரியருகே நிற்பவர் போதும்.